சி.வி.பி. (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தம்) 17 இருக்கும்போது டேபிளை ஏன் தலைப்பக்கம் தாழ்த்தினார்கள்?

ஓடி_மாணவி:
அனஸ்தீசியா டெக்னாலஜி கடைசி வருஷம். இப்போது இதய ஆபரேஷன் தியேட்டரில் (கார்டியாக் ஓ.டி.) போஸ்டிங். பம்ப் (இதய-நுரையீரல் இயந்திரம்) இல்லாமல், இதயம் துடிக்கும்போதே செய்த பைபாஸ் கேஸ். இதயத்தைத் தூக்கிப் பின்பக்கக் குழாயைத் தைக்கும்போது சிஸ்டாலிக் 70க்கு இறங்கியது, சி.வி.பி. 8லிருந்து 17க்கு ஏறியது. சார் ஃப்ளூயிட் எதுவும் போடச் சொல்லாமல் டேபிளைத் தலைப்பக்கம் தாழ்த்தச் சொன்னார். பி.பி. ஏறிவிட்டது. 17 என்றால் இதயம் நிறைந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்புறம் எதற்குக் கால் ரத்தத்தையும் அங்கே அனுப்ப வேண்டும்? இன்னொன்று, எஸ்.வி.வி. (ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் மூச்சோடு எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) எண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்றும் சொன்னார்.

கார்டியாக்_அனஸ்தீசியா:
நல்ல கேள்விம்மா. சி.வி.பி. காட்டுவது அழுத்தம். ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. இதயத்தை நிமிர்த்திப் பிடித்ததும் வலது வென்ட்ரிக்கிள் (நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளும் கீழறை) நசுங்குகிறது. உள்ளே போகவேண்டிய ரத்தம் வாசலிலேயே தேங்குவதால்தான் 17. இடது பக்கத்துக்கு வந்து சேருவது குறைவு, அதனால் பி.பி. விழுகிறது. தலையைத் தாழ்த்தினால் கால் ரத்தம் பின்னாலிருந்து தள்ளும். நசுங்கிய அறையும் ஓரளவு நிரம்பும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். தையல் முடிந்து இதயத்தைக் கீழே வைத்ததும் டேபிளைச் சமமாக்கினால் போதும். ஒரு லிட்டர் ஏற்றியிருந்தால் அதை எப்படித் திரும்ப எடுப்பாய்? ஹீமோகுளோபின் நீர்த்துப்போகும், நுரையீரலில் நீர் கோக்கும்.

எஸ்.வி.வி. வேலை செய்வதே மூடிய நெஞ்சில்தான். வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போதெல்லாம் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அது அளக்கிறது. நெஞ்சைத் திறந்த பிறகு அந்த அழுத்தம் இதயத்தை முன்போல எட்டாது. நெஞ்சை மூடிய பிறகு பார்க்கலாம், ஆனால் ரிதம் சீராக இருக்க வேண்டும், டைடல் வால்யூமும் (ஒரு மூச்சில் போகும் காற்று) உடல் எடையில் கிலோவுக்கு 8 மி.லி.யாவது வேண்டும்.

சந்தேகம் வந்தால் நான் 100 மி.லி.யை ஒரு நிமிடத்தில் விட்டு, டி.இ.இ.யில் (உணவுக்குழாய் வழியாக இதயத்தைப் பார்க்கும் எக்கோ) ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் ரத்தம் கூடுகிறதா என்று பார்ப்பேன். கூடவில்லையென்றால் அடுத்த பையைத் தொடமாட்டேன்.

ஓடி_மாணவி:
நன்றி மேடம். பம்ப்பில் இருக்கும்போதும் இதே கணக்குதானா?

பெர்ஃப்யூஷனிஸ்ட்:
அங்கே இதயத்தின் வேலையைப் பம்ப் செய்கிறது. அதை இயக்கி ஃப்ளோவை (நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் ஓட வேண்டும் என்பதை) வைப்பது நாங்கள். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2.2 முதல் 2.4 லிட்டர் வரை. 1.6 சதுர மீட்டர் ஆளுக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் லிட்டர். ஃப்ளோ சரியாக இருந்தும் சராசரி ரத்த அழுத்தம் (மீன் பிரஷர்) 45 என்றால் ரத்தக் குழாய்கள் தளர்ந்திருக்கின்றன. அனஸ்தீசியாவிடம் சொல்லி, குழாய்களைச் சுருக்கும் ஃபினைலெஃப்ரினோ நார்அட்ரினலினோ கேட்போம். ஃப்ளூயிட் தேவையை ரிசர்வாயர் (உடலிலிருந்து வரும் ரத்தம் சேரும் தொட்டி) மட்டம் காட்டும். மட்டம் இறங்கினால் உடனே ஊற்றிவிடுவதில்லை. வீனஸ் கேன்யூலா (உடலிலிருந்து ரத்தத்தைப் பம்ப்புக்கு எடுக்கும் குழாய்) மடங்கியிருக்கிறதா, சர்ஜன் இதயத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறாரா என்று முதலில் கேட்போம். பிரைமிலேயே (பம்ப் குழாய்களை முன்பே நிரப்பும் திரவம்) ஒரு லிட்டருக்கு மேல் போய்விடுகிறது, மெலிந்த பெண்களுக்கு ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அதிலேயே நன்றாக இறங்கிவிடும். அடுத்த முறை பம்ப் கேஸில் என் பக்கம் வந்து நில்லுங்கள், வீனஸ் சாச்சுரேஷனையும் (உடலிலிருந்து திரும்பும் ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் அளவு) சேர்த்துக் காட்டுகிறேன்.