‘ஓஎஸ்எல்’ காலக்கணிப்புக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சிவகளை அகழாய்வின் காலக்கணிப்பு முடிவுகள் இரும்பின் தொன்மையை கி.மு. 3345 வரை கொண்டு செல்கின்றன என்று 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, கரிமக் காலக்கணிப்போடு ‘ஓஎஸ்எல்’ (Optically Stimulated Luminescence) என்ற முறையும் பேசப்பட்டது. முன்னதற்கு நம்மிடம் நிலைபெற்ற சொல் இருக்கிறது. பின்னது இன்னும் எழுத்துச் சுருக்கமாகவே உலவுகிறது. நம் சொற்பட்டியலுக்காகக் கும்பகோணத்து ஐயா முன்வைத்த ‘ஒளித்தூண்டல் ஒளிர்வுக் காலக்கணிப்பு’ பிழையற்ற சொல்தான். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் நடப்பதைச் சொல்கிறதே தவிர, எந்தக் காலத்தைக் கணிக்கிறோம் என்பதைச் சொல்லவில்லை. படிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

மண்ணில் இயல்பாகவே கலந்திருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சும் விண்ணிலிருந்து வரும் கதிர்களும் குவார்ட்ஸ் மணலைத் தாக்கும்போது, இடம்பெயரும் எலக்ட்ரான்களில் சில அந்தப் படிகத்தின் குறைபாடுகளில் சிக்கிக்கொள்கின்றன. மணல் புதைந்து கிடக்கும் வரை இந்தச் சேமிப்பு ஏறிக்கொண்டே போகும். நம் வீட்டுக் குதிரில் ஆண்டுதோறும் மேலே நெல்லைக் கொட்டுவதைப் போன்றது இது; வெயில் பட்டால் கீழ்வாயைத் திறந்துவிட்டது போல அத்தனையும் வெளியேறிவிடும், குதிர் நிரம்பிவிட்டாலோ அதற்குமேல் எதுவும் ஏறாது. மிகப் பழைய மணலுக்கு இம்முறை பயன்படாமல் போவதற்குக் காரணம் அந்த நிரம்பல்தான். ஆய்வுக்கூடத்தில் நீல ஒளியைப் பாய்ச்சி, மணல் உமிழும் ஒளியைக் கொண்டு சேர்ந்த மொத்தக் கதிர்வீச்சை மதிப்பிட்டு, அதை ஆண்டொன்றுக்குச் சேரும் அளவால் வகுத்தால், அந்த மணல் கடைசியாக வெயிலைக் கண்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது கிடைக்கிறது. மணலின் இந்தப் பண்பைக் காலக்கணிப்புக்குப் பயன்படுத்தலாம் என்பதை 1985இல் கனடாவில் ஹண்ட்லியும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள்.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. திருத்துறைப்பூண்டிக்கும் கோடியக்கரைக்கும் இடையே வரிசை வரிசையாகக் கிடக்கும் பழைய கடற்கரை மணல்மேடுகளையும், ஆறு திசைமாறியபோது கைவிட்டுப்போன பழந்தடங்களின் மணலையும் நினைத்துப் பாருங்கள். கரியோ சிப்பியோ கிடைக்காத மணலுக்குக் கரிமக் காலக்கணிப்பு உதவாது. அங்கே மணலே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. மாதிரி எடுப்பதும் தனிக் கலை. குழியின் பக்கச் சுவரைச் செதுக்கிச் சமன்செய்து, ஒளிபுகாத குழாயை அடித்து இறக்கி, வெளியே எடுத்த கணமே இரு முனைகளையும் கறுப்பு உறையால் மூட வேண்டும். மங்கலான செவ்வொளி அறையில் அதைத் திறந்து, வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய முனைப்பகுதி மணலை ஒதுக்கிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டுமே அளவீட்டுக்கு எடுக்கிறார்கள்.

நம் மண்ணின் ஈரமும் கணக்கில் வர வேண்டும். துகள்களுக்கு இடையே தேங்கிய நீர் கதிர்வீச்சில் ஒரு பங்கைத் தானே உறிஞ்சிக்கொள்வதால், ஈரத்தைக் கணக்கிடாமல் விட்டால் மணல் உண்மையைவிட இளையதாகத் தோன்றும். அதுபோலவே, கலங்கல் வெள்ளத்தில் உருண்டுவந்த மணலுக்குப் போதிய வெயில் கிடைத்திராது. பழைய சேமிப்பில் ஒரு பகுதி தங்கிவிட, அது வயது கூடியதாகத் தோன்றும். முழுமையாக வெளியேறுவதை ‘வெளுப்பு’ என்றும், இப்படித் தங்கிவிடும் நிலையைக் ‘குறைவெளுப்பு’ என்றும் சொல்லலாம்.

முறைக்கு முதலில் தோன்றிய பெயர் ‘இருட்காலக் கணிப்பு’. ஆனால் களப்பிரர் ஆட்சியை ‘இருண்ட காலம்’ என்று எழுதிப் பழகிய நம் வரலாற்று நூல்களுக்கு நடுவே அது குழப்பம் தரும். ‘புதைகாலக் கணிப்பு’ என்றால், தாழிகள் நிறைந்த சிவகளையில் அது இறந்தவரைப் புதைத்த காலம் என்றே படிக்கப்படும். ஆகவே ‘ஒளிமறைவுக் காலக்கணிப்பு’ என்பதை முன்வைக்கிறேன். மணலின்மேல் ஒளி படுவது நின்ற காலம் என்ற பொருள் அதில் நேராகவே கிடைக்கிறது.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து

———

அன்புள்ள தம்பிக்கு,

வண்டலுக்கும் மணலுக்கும் உங்கள் சொல்லை மனமார ஏற்கிறேன். என் சொல்லில் இருந்த குறையைச் சரியாகக் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் பானை ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் அது பொருந்தாது. அவற்றின் சேமிப்பை வெறுமையாக்கியது வெயில் அன்று, நெருப்பு. ஓட்டின் உள்ளிருந்து எடுத்த குவார்ட்ஸை இதே ஒளிமுறையில் அளந்தாலும், கிடைப்பது அது சூளையில் வெந்த காலமே. அந்தப் பானை பின்னர் எத்தனை தலைமுறை புழங்கி, எப்போது மண்ணுக்குள் போயிற்று என்பதை அந்த எண் சொல்லாது. ‘ஒளிமறைவு’ என்ற பெயரை ஓட்டுக்கும் போட்டுவிட்டால், சுட்ட காலத்தைப் புதைந்த காலமாகப் படிக்கும் தவறு நம் சொல்லாலேயே நேரும். தொல்லியலில் அது சிறிய தவறன்று.

கும்பகோணத்திலிருந்து

———

மதிப்பிற்குரிய ஐயா,

முற்றிலும் சரி. அப்படியானால் முறையின் பொதுப்பெயர் ‘ஒளிர்வுக் காலக்கணிப்பு’ என்று இருக்கட்டும். வெப்பத்தால் தூண்டுவதும் ஒளியால் தூண்டுவதும் அதில் அடங்கும். ஒளியால் தூண்டுவதை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் நீங்கள் முன்வைத்த சொல்லையே வைத்துக்கொள்ளலாம். முடிவை எழுதும்போது, மணலானால் ‘ஒளிமறைவுக் காலம்’ என்றும், ஓடு, செங்கல், அடுப்புமண் ஆகியவையானால் ‘சுட்ட காலம்’ என்றும் பிரித்தே குறிப்பிடுவோம். நண்பர்களுக்கு மறுப்பு இல்லையெனில் இந்த நான்கையும், ‘வெளுப்பு’, ‘குறைவெளுப்பு’ ஆகியவற்றோடு சேர்த்து, நம் சொற்பட்டியலில் பதிந்துவிடுகிறேன்.