மொய் மேசையில் கியூஆர் அட்டை: வசதியா, வம்பா?

பர்கூர்_ஜவுளி:
கிருஷ்ணகிரி பக்கம் மண்டபங்கள்ல மொய் நோட்டுக்குப் பக்கத்துல கியூஆர் அட்டையும் வைக்கிறாங்க. வேண்டாம்ங்கிறது என் கட்சி. மொய் அன்பளிப்பு இல்லைங்க, திருப்பிச் செய்ய வேண்டிய கடன். ஊர், அப்பா பேர், ஆள் பேர், தொகைன்னு எழுதறதே அதுக்குத்தான். யூபிஐயில அப்பா மொய்யை மகன் போன்ல போடுவாரு. நம்ம பக்கம் "கார்த்திக் எம்"னு மட்டும் விழும். நாலு வருஷம் கழிச்சு எந்த கார்த்திக்னு தேடறது?

கணக்கர்_காவேரிப்பட்டணம்:
நோட்டை நிறுத்தச் சொன்னது யாரு? வழக்கம்போல எழுதி, ஓரத்துல 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணோட கடைசி நாலை மட்டும் குறிங்க. ராத்திரி ஸ்டேட்மென்டோட ஒப்பிட்டா போலி ஸ்கிரீன்ஷாட்டும் மாட்டிக்கும். எழுத ரெண்டு பேர் வேணும், அவ்வளவுதான்.

வம்பு வேற இடத்துல இருக்கு. கடை கியூஆரையே தூக்கிட்டு வந்து மேசையில வைக்கிறாங்களே, அது. 2025 ஜூலையில பெங்களூரு சின்னக் கடைகளுக்கு யூபிஐ வரவைக் கூட்டிப் பார்த்துத்தான் ஜிஎஸ்டி நோட்டீஸ் போச்சு. ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிற வருஷ வியாபார வரம்பு சரக்கு விற்பனைக்கு 40 லட்சம், சாப்பாட்டுக் கடைக்கு 20 லட்சம். 18 லட்சம் ஓடற டிபன் கடைக் கணக்குல 3 லட்சம் மொய் விழுந்தா, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது 21 லட்சம் வியாபாரம்.

பாலக்கோடு_மண்டி:
அப்ப ரொக்கமே மேல். அங்க கடைக்காரங்களே "யூபிஐ இல்லை"ன்னு எழுதி ஒட்டினாங்களே!

கணக்கர்_காவேரிப்பட்டணம்:
ரொக்கத்தைப் பானையிலயா வைப்பீங்க? சேமிப்புக் கணக்குல ஒரு நிதியாண்டுல 10 லட்சம் ரொக்கம் கட்டினா வங்கியே வருமான வரித்துறைக்குச் சொல்லிடும்.

யார் பேர்ல கியூஆர்ங்கிறதும் முக்கியம். கல்யாணப் பரிசுக்கான வரிவிலக்கு மணமக்களுக்கு மட்டும், அப்பாவுக்குக் கிடையாது. காதுகுத்து, புதுமனைக்கு அந்த விலக்கே இல்லை. உறவினர் அல்லாதவங்க தந்தது வருஷத்துக்கு 50,000 தாண்டினா, தாண்டினது மட்டுமில்ல, மொத்தமும் வருமானம். சட்டத்தோட உறவினர் பட்டியல்ல பெரியப்பா, தாய்மாமன் உண்டு. அவங்க பசங்க இல்லை.

பர்கூர்_ஜவுளி:
அங்கதான் உதைக்குது. பெரியப்பா மகன் வச்ச மொய் ஊருக்குக் கடன், சட்டத்துக்கு வருமானமா? நாளைக்கு அதைத் திருப்பி வைக்கும்போது செலவுன்னு கழிக்க விடுவாங்களா?

கணக்கர்_காவேரிப்பட்டணம்:
விடமாட்டாங்க. முன்னாடி நீங்க வச்சது திரும்பி வருதுன்னு வாதாடணும்னாலும் பழைய நோட்டு கையில இருக்கணும். அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க.

பர்கூர்_ஜவுளி:
சில மேசைல ஸ்பீக்கர் பெட்டி வேற. "ஆயிரத்து ஒரு ரூபாய் பெறப்பட்டது"ன்னு அது கத்தும்போது, 200 ரூபாய்க் கவரோட பின்னாடி நிக்கிறவருக்கு எப்படி இருக்கும்? கவர்னு ஒண்ணு எதுக்குங்க இருக்கு?

பாலக்கோடு_மண்டி:
மைக்ல மொய் வாசிக்கிற ஊர்ல கவர் எதை மறைச்சுது?

கணக்கர்_காவேரிப்பட்டணம்:
பெட்டி வேண்டாம், ஒத்துக்கறேன். மணமக்கள் பேர்ல தனி சேமிப்புக் கணக்கு, அதுக்கு ஒரு கியூஆர். முந்தின நாளே ஒரு ரூபாய் போட்டுப் பாருங்க.

பர்கூர்_ஜவுளி:
சிக்னல் சரியா இல்லாத மண்டபத்துக்கு என்ன செய்வீங்க? சில சமயம் மொய் வைக்கிறவர் கணக்குல 1,001 கழிஞ்சிடும், நமக்கு வராது. மறுநாளுக்குள்ள அவருக்கே திரும்பிப் போயிடும். நோட்டுல மட்டும் 1,001 நிக்கும். "உங்க மொய் வரலைங்க"ன்னு போன் போட்டுக் கேட்கிற ஆள் நம்ம ஜில்லாவுல உண்டா?

கணக்கர்_காவேரிப்பட்டணம்:
கேட்க மாட்டாங்கதான். அதனால அவர் போன்ல பச்சை டிக் வந்ததைப் பார்த்து எழுதக் கூடாது. வங்கிக் கணக்கு யார் பேர்ல இருக்கோ அவர் போன் மேசையிலேயே இருக்கணும். அதுல குறுஞ்செய்தி விழலைன்னா பென்சில்ல எழுதுங்க.

பர்கூர்_ஜவுளி:
கல்யாண மாப்பிள்ளை போனை மொய் மேசையில விட்டுட்டுப் போவாராக்கும்!