மறு: பாராசிட்டாய்டு: ‘ஒட்டுண்ணி’ என்றே விட்டுவிடலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இன்னொரு பூச்சியில் வளர்ந்து, அதைத் தின்றே கொல்லும் பூச்சியான பாராசிட்டாய்டுக்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு, வெள்ளிக்கிழமைக்குள் முட்டைக்கோசுக் கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் பெரும்பாலோர் ‘ஒட்டுண்ணி போதும்’ என்று சொல்லிவிட்டீர்கள். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஒட்டுண்ணி எல்லாருக்கும் புரியும். புரிகிற சொல் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

புரியும், ஆனால் என்னவாகப் புரியும்? பேன், மாட்டு உண்ணி, குடற்புழு என்று ஒழிக்க வேண்டியவையாகத்தான் புரியும். நாமோ இதைக் காப்பாற்றுங்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். மேலும் பேனுக்குத் தலை பிழைத்திருக்க வேண்டும். டயாடெக்மா குளவிக்கு அப்படி இல்லை. கோசு இலையைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவுக்குள் அது ஒரு முட்டை இடுகிறது, உள்ளே வளரும் குளவிப்புழு கடைசியில் அந்தப் புழுவை முழுக்கத் தின்று தீர்த்துவிட்டு, அந்த அந்துப்புழு தனக்கென்று நூற்று வைத்த கூட்டுக்குள்ளேயே தன் கூட்டைக் கட்டிக்கொள்கிறது. தங்க இடம் கொடுத்த உயிர் பிழைப்பதே இல்லை. இந்த வேறுபாட்டுக்காகத்தான் பின்லாந்துப் பூச்சியியலாளர் ராய்ட்டர் 1913இல் ‘பாராசிட்டாய்டு’ என்று தனிச் சொல்லே உண்டாக்கினார். அவர்கள் பிரித்ததை நாம் ஏன் மறுபடி ஒன்றாக்க வேண்டும்?

> அப்படியானால் ‘ஒட்டுண்ணிப்போலி’. முதற்போலி, கடைப்போலி என்று இலக்கணத்திலேயே இருக்கிறதே.

இலக்கணம் படித்தவருக்குப் போலியில் குறை தெரியாதுதான். ஆனால் விதை வாங்குகிறவரிடம் போலி என்று சொல்லிப் பாருங்கள். வயலில் உண்மையாகவே வேலை செய்யும் ஓர் உயிருக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

> கொன்று உண்பது கொன்றுண்ணி. உண்டு கொல்வது ‘உண்டுகொல்லி’. வினையெச்சத்தை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது.

ஐயா, இந்த இழையில் வந்தவற்றில் சிந்தனையால் மிகச் சிறந்தது இதுதான். பொறிவண்டு அசுவினியைக் கொன்று தின்கிறது, குளவிப்புழு தின்று கொல்கிறது. வேறுபாடு முழுவதும் அந்த முன்பின்னில் இருக்கிறது. ஆனால் ‘கொல்லி’ என்ற ஈறு நம் கையை விட்டுப் போய்விட்டது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி எல்லாம் தெளிக்கிற மருந்து. ‘உண்டுகொல்லியைப் பயன்படுத்துங்கள்’ என்று எழுதினால் எத்தனை மில்லி, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு என்றுதான் கேட்பார்கள். அதுவும் எந்தப் பூச்சிக்கு! டிடிடிக்கு அசையாமல் நின்றதாக ஜாவாவில் 1953இலேயே பதிவானது இதே வைரமுதுகு அந்துப்பூச்சி. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாத் தெளிப்புக்கு வயலிலேயே எதிர்ப்பை வளர்த்துக்கொண்ட முதல் பூச்சியும் இதுவே. மருந்தை மட்டும் நம்பாதீர்கள் என்பதுதான் கையேட்டின் உயிர். அங்கே போய் இன்னொரு கொல்லியா?

அப்புறம் ‘வேட்டுவன்’. குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன் இனமாக்கும் என்ற பழைய உவமையை நினைவூட்டியதற்கு நன்றி. குருவுக்கும் சீடருக்கும் சொல்லும் உவமைக்கு அடியில் யாரோ கூர்ந்து பார்த்த ஒரு காட்சி இருக்கிறது, புழு போன இடத்திலிருந்து குளவி வருகிறது என்று. ஆனால் மண்கூட்டுக் குளவி புழுவை மயக்கித் தூக்கிப்போய் அடைத்துவைக்கிறது, அது வேட்டை. கோட்டேசியா என்ற முற்றுண்ணும் குளவியோ முட்டையிட்டபின் புழுவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடும், புழு பின்னும் சில நாள் இலையைத் தின்றுகொண்டே இருக்கும். தவிரவும் டாக்கினிட் ஈக்களும் இதே வேலையைச் செய்கின்றன. ஆகவே குளவியை மட்டும் சுட்டும் சொல் போதாது. குளவிக்கும் குழவிக்கும் வேர் ஒன்றே என்ற கிளை வாதத்துக்கு இதுவரை சான்று எதுவும் வரவில்லை. குறிஞ்சிப்பாட்டில் வரும் குளவியோ பூ, பூச்சியே இல்லை.

என் பரிந்துரை ‘முற்றுண்ணி’. முற்ற உண்பது. முற்று + உண்ணி, குற்றியலுகரம் ஓடிவிட்டது, புணர்ச்சியில் சிக்கல் இல்லை. ஒட்டுண்ணிக்குப் பக்கத்தில் வைத்தால் உறவும் தெரிகிறது, வேறுபாடும் தெரிகிறது. கூட்டுச்சொற்களும் எளிதாக வரும்: பூச்சி முட்டைக்குள் வளரும் டிரைக்கோகிரம்மா குளவி முட்டை முற்றுண்ணி, டயாடெக்மா புழு முற்றுண்ணி. கோட்டேசியாவின் கூட்டைத் தாக்கும் லைசிபியா குளவி மீமுற்றுண்ணி, அதாவது முற்றுண்ணியையே உண்ணும் முற்றுண்ணி. அதையே ‘ஒட்டுண்ணியின் ஒட்டுண்ணி’ என்று எழுதிப் பாருங்கள், அது நமக்கு நண்பனா பகைவனா என்று படிப்பவர் தடுமாறிப்போவார்.

> முற்றுண்ணி என்றால் எல்லாவற்றையும் தின்பது, அனைத்துண்ணி என்று எடுத்துக்கொள்வார்கள்.

நியாயமான ஐயம். என்றாலும் ‘அனைத்து’ பல பொருள்களைச் சுட்டும், ‘முற்று’ ஒன்றின் முடிவைச் சுட்டும். வினைமுற்றும் முற்றுப்புள்ளியும் அறிந்த காதுக்கு இது தெரியும் என்றே நம்புகிறேன். ‘தீர்த்துண்ணி’ என்று ஒரு தங்கை எழுதியிருந்தார், அதுவும் எனக்குச் சம்மதமே.

‘அசுவினித்தாழி’ பற்றி ஒரு சொல். டயேரிட்டியெல்லா குளவி உள்ளே வளர்ந்ததும் அசுவினி ஊதி, பழுப்பாகி, இலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் அல்லவா, அதற்கு முதுமக்கள்தாழியை நினைத்துச் சொன்னது அழகுதான். ஆனால் தாழியில் வைப்பது இறந்தவரை, இதிலிருந்து வட்டமாகத் துளை போட்டுக்கொண்டு உயிரோடு ஒரு குளவி வெளியே வருகிறது. ‘ஊதிய அசுவினி’ என்றே எழுதுவோம், பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

வாக்கெடுப்பு முடிந்துவிட்டது என்றால் கையேட்டில் ‘ஒட்டுண்ணிக் குளவி’ என்றே வரட்டும், இந்தப் பதிப்பில் பேசப்படுபவை எல்லாம் குளவிகள்தாம். சொல்லடைவில் மட்டும் முற்றுண்ணியையும் ஒரு மாற்றாகச் சேர்க்கக் கேட்கிறேன், என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும். படத்தின் கீழே ஒரு வரி கட்டாயம் வேண்டும்: வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுவை ஒட்டிக் குவிந்து கிடக்கும் சிறு மஞ்சள் கூடுகள் அந்தப் புழுவின் முட்டைகள் அல்ல, கோட்டேசியாவின் கூடுகள். அவற்றைத்தான் பலரும் நசுக்கிவிடுகிறார்கள்.

கோசு வரிசைகளுக்கு இடையே கடுகு விதைப்பதைப் பற்றிய பகுதியில் பூச்சியைத் தன்பக்கம் இழுக்கும் பயிருக்கு ‘பொறிப்பயிர்’, ‘கவர்பயிர்’ என்ற இரண்டு சொற்களும் கலந்து வருகின்றன. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதிலேயே சேர்த்தால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும்.

அன்புடன்