அச்சு முறுக்கா, இருசுத் திமிறலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பட்டை ஸ்பிரிங் (அடுக்குத் தகடு வில், leaf spring) வண்டியில் பின் இருசு, அதாவது பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு, பட்டையை நெளித்துக்கொண்டு திரும்பும் கோளாறை ஆங்கிலத்தில் axle wrap என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: அச்சு உறை, அச்சுச் சுற்றல், அச்சு முறுக்கு. முதல் இரண்டும் அகராதியைப் பார்த்து வைத்த பெயர்கள். மூன்றாவது கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் காரைக்குடியில் அச்சு முறுக்கு என்றால் குழந்தைகூடப் பலகாரத்தைத்தான் கேட்கும். அதை விட்டாலும், சக்கரத்தைச் சுழற்றும் உள்தண்டு முறுக்கிக்கொள்வது வேறொரு கோளாறு. அந்தச் சொல் அதற்குத் தேவைப்படும்.

என் பழைய ஜீப்பில் உயரம் கூட்ட, இருசுக்கும் பட்டைக்கும் நடுவே 2 அங்குலக் கட்டை வைத்திருந்தேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் லோ கியரில் ஏற்றினேன். சரளையில் பின்சக்கரம் தடதடவென்று குதித்தது. கரை மேல் போய்ச் சேர்வதற்குள் ஜாயின்ட் கிராஸ் (இஞ்சின் விசையைப் பின் இருசுக்குக் கொண்டுவரும் தண்டின் மூட்டு) உடைந்துவிட்டது. பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் கல் அணைகொடுத்து, என்னை எட்ட நிற்கச் சொல்லி, கிளட்சை மெல்ல விட்டுக் காட்டினார்கள். கிரவுன் மூக்கு, அதாவது அந்தத் தண்டு இருசில் வந்து சேரும் முன்பகுதி, மேலே எழும்பியது. பட்டையின் முன்பாதி மேலேயும் பின்பாதி கீழேயும் வளைந்து பாம்பு போல நெளிந்தது. கிளட்சை மிதித்ததும் ‘டம்’ என்று பழைய இடத்துக்கே வந்து விழுந்தது. “கட்டிப்போட்ட காளை மாதிரி திமிறுது பாருங்கண்ணே” என்றார் மெக்கானிக்.

நான் தேடிய சொல் அதுதான். சக்கரத்தை முன்னால் திருப்பும் விசைக்கு எதிர்விசையாக ஹவுசிங் (இருசின் வெளிக்கூடு) பின்னால் திரும்பப் பார்க்கிறது. பிடித்து நிறுத்த அதற்குப் பட்டையை விட்டால் வேறு ஆள் இல்லை. லோ கியர் அந்த விசையைப் பெருக்குகிறது. நடுவே வைத்த கட்டை நெம்புகோலை நீட்டுகிறது. டயர் வழுக்கும் நொடியில் பட்டை விடுபட்டுத் திரும்புகிறது, டயர் மறுபடி பிடிக்கிறது, மறுபடி நெளிகிறது. அந்தக் குதிப்பைச் ‘சக்கரத் துள்ளல்’ என்று தனியாகச் சொல்லலாம்.

நம் வில்வண்டியிலும் பட்டை உண்டு, இருசு உண்டு. இந்தக் கோளாறு மட்டும் கிடையாது. இழுப்பது மாடு, இருசு வெறுமனே சுமக்கிறது. பழைய சொல் கிடைக்காததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இருசு என்ற சொல்லையாவது அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். ‘அச்சு’ ஏற்கெனவே எழுத்துக்கும் வார்ப்புக்கும் கணக்கில் வரும் அச்சுக்கும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: இருசுத் திமிறல்.

‘மூக்குத் தூக்கல்’ என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். பிரேக் பிடிக்கும்போது மூக்கு கீழே இறங்குகிறதே, அதனால் விட்டுவிட்டேன். திமிறல் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். ‘திமிர்’ என்று காதில் விழாதா என்று கேட்பீர்கள். சிறாவயல் மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்கு அந்தக் குழப்பம் வராது. எழுத்திலும் வல்லின ற இருக்கிறது.

சரி, சரிசெய்யும் உறுப்புக்கும் பெயர் வேண்டுமே. ‘திமிறடக்கி’ என்கிறேன். அது ஒரு நீளச் சட்டம். பின்முனை ஹவுசிங்கில் மேலும் கீழும் இரண்டு இடத்தில் இறுகப் பிடித்திருக்கும். முன்முனை சேசிஸ் குறுக்குச் சட்டத்தில் ஒரு சாக்கிளில் (முன்பின்னாக ஆடும் இணைப்புத் தகடுகள்) தொங்கும். சாக்கிள் கட்டாயம். பட்டை அமுங்கும்போது நீளும், இருசு முன்பின்னாக நகரும். அந்த நகர்வுக்கு இடம் விடாமல் போல்ட் போட்டு இறுக்கினால் பட்டையும் சட்டமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒரு சட்டமே போதும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போட்டால், மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்குவதற்கு அவையே தடையாகிவிடும். என் வண்டியில் கட்டையை எடுத்துவிட்டுத் திமிறடக்கி ஒன்று போட்டபின், அதே கரையில் துள்ளாமல் ஏறுகிறது.

சாக்கிளுக்கு ‘ஊஞ்சல்’ என்று வைக்கலாமா என்று ஓர் ஆசை இருக்கிறது. இரண்டு தகடுகளில் தொங்கி ஆடுவதுதானே அது. உங்கள் ஊர்ப் பட்டறையில் வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள். அதுவரை சாக்கிளே இருக்கட்டும்.