தொகை சரி, கட்டம் தப்பு: இதற்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

வருமான வரி மென்பொருள் ஒன்றுக்குத் தமிழில் உதவிக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

போன வருஷம் சித்தப்பாவுக்குப் பழைய வரி முறையில் ரிட்டர்ன் போட்டேன். அவருக்கு 58 வயது. சேமிப்புக் கணக்கு வட்டி 8,200 ரூபாய். நான் வாங்கியிருந்த மென்பொருள் அதை எஃப்டி வட்டிக் கட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. மொத்த வட்டி ஒரு ரூபாய்கூட மாறாததால் நானும் கவனிக்கவில்லை. ஆனால் வருமான வரிச் சட்டத்தின் 80டிடிஏ பிரிவில் வருமானத்திலிருந்து 10,000 ரூபாய் வரை கிடைக்கும் கழிவு சேமிப்புக் கணக்கு வட்டிக்கு மட்டும்தான். கழிவு பூஜ்யம் என்று வந்து நின்றது.

இதை 'மென்பொருள் பிழை' என்று எழுதினால், படிக்கிறவர் கணக்கே தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார். 'கட்டப்பிழை' என்று எழுதினேன். வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு, "யாருக்குக் கட்டம் சரியில்லை?" என்று கேட்டார்கள். ஜாதகம் உள்ளே நுழைந்தபின் அந்தச் சொல் தேறாது. கட்டத்தைப் 'புலம்' என்றும் சொல்வார்கள், ஆனால் 'புலமாற்றம்' என்றால் எண் ஏதோ கனடாவுக்குக் குடிபோன மாதிரி இருக்கிறது. 'இடமாறு பிழை' எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் கருத்து?

மறுமொழி 1

ஐயா, 'இடமாறு' வேண்டாம். இயற்பியல் பாடத்தில் 'இடமாறு தோற்றப்பிழை' ஏற்கெனவே இருக்கிறது. அளவுகோலைச் சாய்வாகப் பார்ப்பதால் வருவது அது.

நான் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவன். ஒருவர் கட்டிய பணத்தைப் பேரேட்டில் இன்னொருவர் பக்கத்தில் எழுதிவிட்டால், 'மாறி ஏறிடுச்சு' என்போம். பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் இருப்பாய்வு அப்படியே ஒத்துப்போகும். பணம் கட்டியவர் வந்து சண்டை போட்டால்தான் தெரியும்! உங்கள் சித்தப்பா கதையும் அதேதான். 'மாறியேற்றம்' என்று வைக்கலாமே?

மறுமொழி 2

'ஏற்றம்' என்றதும் எனக்குப் பதிவேற்றம்தான் ஞாபகம் வருகிறது. கோப்பு ஏறவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். 'மாறியேறல்' என்றால் அந்தக் குழப்பம் குறையும்.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 2024 ஜூலையில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்போது புதிய வரி முறையில் மொத்த வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தால், வரியிலேயே 25,000 ரூபாய் வரை குறைக்கும் 87ஏ பிரிவுத் தள்ளுபடி இருந்தது. பங்கு விற்ற குறுகியகால லாபத்தின் மீதான வரிக்கும் அதைக் கோரிக்கொண்டிருந்தோம். ஜூலை 5 முதல் வரித்துறையின் மென்பொருளே அதை மறுத்துவிட்டது. கையால் திருத்தவும் வழியில்லை. பம்பாய் உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. தள்ளுபடி உண்டா இல்லையா என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை. கோரிக்கை வைக்கும் வழியையே மென்பொருள் அடைக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் சொன்னது. இதையும் மாறியேறல் கணக்கில் சேர்ப்பீர்களா?

மறுமொழி 3 (கேள்வி கேட்டவர்)

சேர்க்க மாட்டேன். அங்கே எண் எங்கும் மாறிப் போகவில்லை, நுழையவே விடவில்லை. அதைப் பிழை என்று சொல்வதற்கே தயக்கமாக இருக்கிறது. சட்டத்துக்கு ஒரு பொருளை யாரோ முடிவு செய்து நிரலில் எழுதிவைத்திருக்கிறார்கள். 'புலப்பூட்டு' என்று வைத்துக்கொள்கிறேன். பூட்டு என்றால் பூட்டியவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் தெரியும். (புலம் இங்கே மட்டும் உறுத்தவில்லை, ஏனோ.)

மாறியேறலை எடுத்துக்கொள்கிறேன். பெயராக மட்டும் நிற்காமல் வினையாகவும் வருகிறது, அதுதான் எனக்கு முக்கியம். ரிட்டர்னைச் சரிபார்த்து உறுதிமொழி கொடுப்பது வரி கட்டுகிறவர்தான், மென்பொருள் அல்ல. அதனால் அந்தத் திரையிலேயே இப்படி எழுதிவிட்டேன்: "மொத்தம் ஒத்துப்போனாலும், வட்டித் தொகைகள் மாறியேறியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள்."

சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். "இதைப் போன வருஷமே எழுதியிருக்கலாம்" என்றார்.