ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் மகன்: வழித் தாமதங்களுக்கு எப்படி ஆயத்தமாவது?

அரசலாறு (கும்பகோணம்):
என் மகனுக்கு ஜெர்மனியின் இல்மெனாவ் நகரில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குவதால் செப்டம்பர் இறுதியில் அனுப்ப எண்ணுகிறோம். திருச்சியிலிருந்து வளைகுடா வரை ஒரு சீட்டும், அங்கிருந்து பிராங்பர்ட்டுக்கு வேறொரு நிறுவனத்தில் இன்னொரு சீட்டுமாக எடுத்தால் செலவு கணிசமாகக் குறைகிறது. சென்னை வழியாக ஒரே சீட்டில் போனால் கூடுதலாகும். என் தாயார் வியாழன் இரவு புறப்பட நாள் பார்த்து வைத்திருக்கிறார். அதன்படி வெள்ளி பிற்பகல் பிராங்பர்ட்டில் இறங்கி, எர்ஃபுர்ட்டில் வண்டி மாறி, இரவுக்குள் விடுதி சேரலாம் என்பது கணக்கு. இதில் எங்கே இடறும் என்று அங்கே படிப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெட்டாறு (ஜெர்மனியில் படிப்பவன், ஊர் திருவாரூர் பக்கம்):
ஐயா, தனித்தனிச் சீட்டு வேண்டாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. புதுச் சீட்டை நாமே வாங்க வேண்டும். பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைக்கக் குடிநுழைவைத் தாண்டி வெளியே வர நேர்ந்தால், அந்த நாட்டு விசாவும் தேவைப்படும். ஒரே சீட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை.

இழப்பீட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் நிறுவனத்தின் காரணத்தால் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் 600 யூரோ கிடைக்கும். ஆனால் இந்தியாவிலிருந்து போகும்போது அது ஐரோப்பிய நிறுவன விமானங்களுக்கே பொருந்தும். திரும்பும்போது ஜெர்மனியிலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் பொருந்தும்.

உண்மையில் நீங்கள் அஞ்ச வேண்டியது விமானத்தை அல்ல, வெள்ளிக்கிழமையை. பல விடுதிகளில் சாவி கொடுப்பவர் வார நாட்களில், அதுவும் சில மணி நேரமே இருப்பார். வெள்ளி மாலை தாமதமானால் திங்கள் வரை வேறிடம் தேட வேண்டும். ஞாயிறு கடைகளும் அடைத்திருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. ஜெர்மன் ரயில்கள் நிமிடம் தவறாதவை என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2024-இல் தொலைதூர வண்டிகளில் 62.5 விழுக்காடுதான் நேரத்துக்கு வந்தன என்று ஜெர்மன் ரயில் நிறுவனமே அறிவித்தது. ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தை அவர்கள் தாமதமாகவே எண்ணுவதில்லை! செவ்வாய் அல்லது புதன் காலையில் இறங்குவதுபோல் எடுங்கள்.

மன்னைத் தாய் (மன்னார்குடி):
சகோதரரே, என் மகள் அங்கே படிக்கிறாள். ரயில் சீட்டில் மலிவைப் பார்க்காதீர்கள் என்பதே என் அனுபவம். சலுகைச் சீட்டு குறிப்பிட்ட வண்டிக்கே செல்லும். ரயிலே தாமதமாகி, போய்ச் சேர இருபது நிமிடமாவது பிந்தும் என்று தெரிந்தால் வேறு வண்டியில் ஏறலாம். ஒரு மணி நேரம் பிந்தினால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரமானால் பாதியும் திரும்பக் கேட்கலாம். ஆனால் தனியாக வாங்கிய ரயில் சீட்டை விமானம் தாமதமானதால் தவறவிட்டால் இதெல்லாம் பேச முடியாது. எனவே முதல் நாளுக்கு மட்டும் எந்த வண்டியிலும் செல்லத்தக்க முழுக் கட்டணச் சீட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லி வையுங்கள். சில வண்டிகள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும். நடைமேடை எண்ணும் கடைசி நேரத்தில் மாறும். அறிவிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான்.

உங்கள் தாயாரின் மனமும் நோக வேண்டாம். அவர் குறித்த நல்ல நேரத்தில் பயணம் தொடங்கிவிட்டதற்கு அடையாளமாக ஒரு பையைப் பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வைத்துவிட்டால், எந்தக் கிழமையில் புறப்பட்டாலும் அவர் தடுக்கமாட்டார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் முடிந்தது.

குடமுருட்டி (திருவையாறு):
உழவன் விரைவு வண்டியில் சென்னை சென்று அன்றே விமானம் ஏறும் எண்ணம் இருந்தால், தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போவது எளிது. விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. ஆயினும் நம் பழைய மெயின் லைன் விழுப்புரம் வரை ஒற்றைத் தடம், எதிரே வரும் வண்டிக்கு வழிவிட (கிராஸிங்) நிற்கும். ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். நள்ளிரவு தாண்டிய விமானம் என்றால் சீட்டில் இருப்பது மறுநாள் தேதி என்பதை வீட்டில் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பொங்கலுக்கு வருவான் என்று எதிர்பார்க்காதீர்கள். ஜனவரியில் வகுப்பு நடக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருவதானால் அது நமக்கு மழைக்காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலின்போதும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. வானிலையால் ஆன தாமதத்துக்கு அந்த 600 யூரோ கிடைக்காது. உணவும் தங்குமிடமும் மட்டும் கேட்டுப் பெறலாம்.

அரசலாறு:
மூவருக்கும் நன்றி. ஒரே சீட்டாகவே எடுக்கிறோம். செவ்வாய் காலை அங்கே இறங்கும்படி நாள் பார்த்திருக்கிறேன். பரஸ்தானத்துக்கு அம்மாவும் இசைந்துவிட்டார். விடுதியில் சாவி தரும் நேரத்தை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கும்படி மகனிடம் இன்றே சொல்கிறேன்.