ரீச்சி மஹ்ஜோங் (ஜப்பானிய டைல் ஆட்டம்): 1 பின் விழுந்தும் ரான் பட்டன் வரலை, ஏன்?

ஒன்பதாம்மேகம்: அவசரம், அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது. டென்பாய்ல (ஜெயிக்க இன்னும் ஒரே டைல் வேணும்ங்கிற நிலை) இருந்தேன். கையில 2-3 பின் (பின், மான், சோன்னு மூணு வகை எண் டைல்), 1க்குக் காத்திருக்கேன். எதிர்ல இருந்தவர் 1 பின் போட்டார், ரான் (அடுத்தவர் போட்ட டைலை எடுத்து ஜெயிக்கிறது) பட்டன் வரவே இல்லை. ஓர டைலா (1, 9) சேர்த்த கை, யாகு (ஜெயிக்கக் கட்டாயம் வேண்டிய அமைப்பு) கண்டிப்பா இருக்கு. ஆப் கோளாறா?

சிவப்பு5: முழுக் கையையும் எழுதுங்க. அடுத்தவர் போட்டதைச் சீ (வரிசைக்கு), பொன் (ஒரே டைல் மூணுக்கு) ஏதாவது எடுத்தீங்களா? நீங்க போட்ட டைல்ல 1 பின்னோ 4 பின்னோ இருக்கா? இருந்தா ஃபுரிடென். அப்புறம் யார் போட்டாலும் ரான் இல்லை, தானா எடுத்து ட்சுமோ அடிச்சாத்தான் உண்டு.

தெற்குக்காற்று: நெட்தான் ப்ரோ. ரயில்ல ஆடும்போது எனக்குப் பட்டன் வந்து மறைஞ்சே போயிருக்கு. 'அழைப்பு வேண்டாம்' தெரியாம ஆன் ஆகியிருக்கான்னும் பாருங்க.

சிவப்பு5: அது பொன், சீயைத்தான் நிறுத்தும். ரானை நிறுத்தாது.

பழையமேசை: இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. விதியைப் படிச்சிட்டு மேசைக்கு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது? 1, 9 எல்லாம் ஆரம்பத்துலயே போக வேண்டியது. 5 மூணு விதமான வரிசையில சேரும், 1க்கு 1-2-3 மட்டும்தான். 2லேர்ந்து 8க்குள்ள டான்யாவ் கட்டுங்க, இந்தச் சிக்கலே வராது.

ஒன்பதாம்மேகம்: கை: 7-8-9 மான் (சீ எடுத்தது), 1-2-3 சோ, 7-8-9 சோ, 9-9 பின், 2-3 பின். நான் கிழக்கு (டீலர்) இல்லை. 1 பின், 4 பின் ரெண்டையும் நான் போடவே இல்லை.

சிவப்பு5: இப்பதான் புரியுது. 1 வந்தா ஜுன்சான் (எல்லாச் சேர்க்கையிலும் 1 இல்ல 9 இருக்கிற யாகு), திறந்த (சீ, பொன் எடுத்த) கைக்கு 2 ஹான் (யாகுவோட மதிப்பு அலகு). 4 வந்தா 2-3-4ல ஓரம் இல்லை, யாகுவே கிடையாது. ஆனா உங்க காத்திருப்பு 1-4 ரெண்டும்தான். நீங்க டைல் போட்டதுக்கும் எதிர்ல 1 விழுந்ததுக்கும் நடுவுல, வலப்பக்கத்துக்காரர் என்ன போட்டார்?

மழைக்காலம்: பழையமேசை அண்ணா, எல்லா ஓரத்தையும் அப்படித் தூக்கிப் போட முடியாது. யாராவது ரீச்சி அடிச்ச (மூடிய கையோட டென்பாய்னு அறிவிச்ச) பிறகு நம்மளைக் காப்பாத்துறது பாதி நேரம் ஓர டைல்தானே?

தெற்குக்காற்று: ஆமா, ரீச்சி அடிச்சவர் 4 போட்டிருந்தா, நாம 1 போட்டா ஒண்ணும் ஆகாது.

மழைக்காலம்: ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல முடியாது. 2-3 வச்சு 1-4க்கு அவர் காத்திருக்க முடியாது, அது ஃபுரிடென். ஆனா 1-1 ஜோடியா வச்சு மூணாவது 1க்கு ஷான்பொன், இல்ல ஒத்தை 1 வச்சு ஜோடிக்கு டான்கி, ரெண்டும் மிச்சம். அவர் போட்ட அதே 4ஐ நம்பி 7ஐப் போட்டா இன்னும் மோசம்: 6-8 நடுவுலயும் மாட்டலாம், 8-9 ஓரத்துலயும் மாட்டலாம். அதனாலதான் 7ஐ விட 1 நல்லது. ரெண்டு 1 மேசையில கிடந்து மூணாவது உங்க கையில இருந்தா ஷான்பொன்னும் போச்சு, டான்கி மட்டும்தான் பயம்.

பழையமேசை: தற்காப்பு எனக்கும் தெரியும்மா. கையை வேகமா முடிக்கிறவனுக்கு அது தேவைப்படாது. சீ எடுத்து ஜுன்சான் கட்டினா 2 ஹான் 30 ஃபு (கை அமைப்புக்கான சின்னப் புள்ளி), வெறும் 2000 புள்ளி. இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?

மழைக்காலம்: சீ எடுத்தது தப்புன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். ஓரத்தைச் சேர்த்தது தப்பு இல்லை. இதே கை மூடியிருந்து ரீச்சி அடிச்சிருந்தா 1 பின்னுக்கு ஜுன்சான் 3 ஹான், பின்ஃபு (வரிசைகளா மட்டும் கட்டின மூடிய கை) 1, ரீச்சி 1. மொத்தம் 5 ஹான், அதாவது மாங்கான் (நிலையான பெரிய மதிப்பு), 8000. 4 விழுந்தாக்கூட ரீச்சி, பின்ஃபுன்னு 2000 வாங்கலாம். திறந்ததால 4 மொத்தமா செத்துப்போச்சு.

பழையமேசை: அந்த 7-8-9 மான் தானா வரும்னு என்ன நிச்சயம்? எல்லாக் கையும் மூடியே டென்பாய் ஆகாது.

ஒன்பதாம்மேகம்: வலப்பக்கம் 4 பின். அடுத்து உடனே எதிர்ல 1 பின்.

சிவப்பு5: அதேதான், ஆப் மேல பிழை இல்லை. யாகு இல்லாததால 4க்கு ரான் வரலை. ஆனாலும் காத்திருந்த டைல் ஒண்ணு கடந்து போனதாத்தான் கணக்கு. அடுத்த டைல் நீங்க எடுக்கிற வரைக்கும் தற்காலிக ஃபுரிடென். அதுக்குள்ள விழுந்த 1ஐத் தொட முடியாது, அடுத்த சுத்துல விழுந்திருந்தா பட்டன் வந்திருக்கும். இதே ரீச்சி அடிச்ச பிறகு ஒரு டைலை விட்டா அந்தக் கை முடியற வரைக்கும் ரான் கிடையாது.

ஒன்பதாம்மேகம்: புரிஞ்சது சிவப்பு5, நன்றி. ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு.

தெற்குக்காற்று: ஓரம்னதும் ஒரு சந்தேகம். முதல் டைல் எடுக்கும்போதே ஓர டைலும் எழுத்து டைலுமா (காற்று, டிராகன்) 9 வகை இருந்தா ஆட்டத்தைக் கலைச்சிடலாமா, கொகுஷிக்கு (இந்த 13 வகையையும் சேர்க்கிற கை) போகலாமா?

மழைக்காலம்: உங்க முறைக்கு முன்னாடி யாரும் எதையும் அழைக்காம இருந்தாத்தான் கலைக்க முடியும். 9 வகைன்னா நான் கலைச்சிடுவேன், 13 வகைக்கு இன்னும் 4 வேணும். 11 இருந்தா கொகுஷிக்குப் போவேன்.

பழையமேசை: 10 இருந்தா? கடைசி இடமா முதல் இடமா, எத்தனாவது கைன்னு சொல்லாம இதுக்குப் பதில் கிடையாது.